வெயில் தும்மல்

தியேட்டரின் மேற்குக் கதவைத் திறந்து, வெயிலில் தலையை நீட்டி இடி ஒரு தும்மல் போட்டால், கூரையில் குடியிருக்கும் புறாக்கள் எல்லாம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அடுத்த ஊர் என்பது கொஞ்சம் அதிகம். எதிர்ச் சுவர் வரைக்கும் போகும். எல்லாப் புறாக்களும் என்பதும் கூட்டல்தான். ஒரே ஒரு கிழட்டுப் புறா எழுந்து, யார் வீட்டுச் சண்டை என்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்காரும். ஆனால் கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் கிணுகிணுத்தது நிஜம். அதில் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் கலக்கவில்லை.

இடி என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே எட்டிப் பார்க்கும். மற்றபடி தியேட்டருக்கும் தெருவுக்கும் அவர் இடிதான். வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுத்துப் பாதியைத் தான் வைத்துக்கொள்வது, இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டுவது, முன் சீட்டில் கால் வைப்பவர்களின் காலை டார்ச்சால் மெல்லத் தட்டுவது, படம் முடிந்ததும் கதவுகளைத் திறப்பது. இதுதான் வேலை. இதில் அவருக்கு உயிரானது மதியக் காட்சி முடியும் நேரம். அப்போது சூரியன் சரியாக மேற்குக் கதவுக்கு எதிரே வந்து நிற்கும். கதவைத் தள்ளினால் போதும், வெயில் வாளியால் ஊற்றியது போல மூஞ்சியில் விழும். இடி தும்முவார். ஒன்று, இரண்டு; சில நாள் இலவசமாக மூன்றாவது.

பிறகுதான் வேடிக்கை. இருட்டிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும் கூட்டத்தில் அங்கே ஒருவர், இங்கே ஒருவர் தும்முவார்கள். இடிக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

"வாங்க வாங்க, நம்ம கட்சி!"

"இல்லீங்க, ஜலதோஷம்."

"ஜலதோஷம் வீட்டுல வரும். வெயிலைப் பார்த்ததும் வந்தா அது பரம்பரைச் சொத்து. உங்க அம்மாவா, அப்பாவா?"

தும்மியவர் கொஞ்சம் யோசித்து, "அட, ஆமா, எங்க அம்மா துணி காயப்போட வெளியே வந்தாலே தும்முவாங்க" என்பார். இடிக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிட்டதைப் போல ஒரு நிறைவு.

நிஜத் தும்மலையும் பொய்த் தும்மலையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியும். அவரைக் கேலி செய்ய இளவட்டங்கள் வேண்டுமென்றே "ஹாச்" என்று கத்திக்கொண்டு வருவார்கள். இடி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நிஜத் தும்மல் வருகிறபோது பேச்சு பாதியில் நிற்கும், மூக்கு நிமிரும், கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தும்முகிறவன் தும்மவில்லை, நடிக்கிறான். அந்த வேலைதான் உள்ளே திரையில் நடக்கிறதே, வெளியே எதற்கு என்பார்.

இடியின் அப்பா இப்படித்தான் தும்மினாராம். இடியின் அக்காவும் அப்படியே. அவள் தையற்காரி, வெயிலில் வந்தால் தையல் மெஷின் ஓடுவது போலத் தடதடவென்று வரிசையாகத் தும்முவாள். பக்கத்தில் நிற்பவர்கள் எண்ணத் தொடங்கி, பாதியில் கைவிட்டுவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் தும்மவில்லை என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இடியின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அறிவியல். தும்மாதவள். அழகி என்று அந்த வட்டாரத்தில் பேச்சு உண்டு. அதிலும் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். கல்யாணமான புதிதில் கணவன் தும்முகிற ஒவ்வொரு முறையும் கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்து விளக்கம் சொன்னாள்.

"உங்க கண்ணுக்கும் மூக்குக்கும் போற நரம்பு பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரிங்க. கண்ணு வீட்டுல யாராவது மணி அடிச்சா, மூக்கு வீட்டுக்காரன் எழுந்து வந்து கதவைத் திறக்கிறான்."

"நல்ல மனுஷன்தானே?"

"நல்ல மனுஷன்தான். காது கொஞ்சம் மந்தம்."

நெடுநாள் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிறகு ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, கேட்கவேண்டிய அனுமதியெல்லாம் கேட்டு, போடவேண்டிய கையெழுத்தெல்லாம் போட்டு, மஞ்சள் துவாலையில் சுற்றிய ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியிறங்கி வெயிலுக்கு வந்ததும் இடிக்குத் தும்மல் வந்தது. கையில் குழந்தை, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. உதடு பிதுங்கியது. அழப்போகிறது என்று இருவரும் நடுங்கிக்கொண்டிருக்க, அது அவர் மூக்கையே உற்றுப் பார்த்துவிட்டு, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடு இடியின் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் அவராக இல்லை, அவளுடைய அப்பா.

அதே வருஷம் தியேட்டர் வேலை கிடைத்து இந்த ஊருக்கு மாறினார்கள். கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான். இடி, டீச்சர், தையற்கார அத்தை.

குழந்தை பேசத் தொடங்கும் முன்னரே தும்மத் தொடங்கியது. அப்பா தும்மினால், கொஞ்சம் பொறுத்து, "த்சூ" என்று ஒரு சின்னச் சத்தம். தெருவே சொக்கிப்போனது. "அப்பனை உரிச்சு வெச்சிருக்கா!" என்றார்கள். "இடிக்குப் பின்னாடி தூறல்!" என்றார் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தூறல்.

அவள் தும்மலில் வாய் மட்டும்தான் தும்மியது, கண் தும்மவில்லை. இரண்டு கண்ணும் அகலத் திறந்து அப்பா முகத்திலேயே இருக்கும், சரியாகச் செய்தேனா என்று கேட்பது போல. ஊரில் உள்ள தும்மல்களையெல்லாம் தரம் பிரிக்கிற மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தும், யாராவது "அப்படியே உங்க தும்மல்" என்று சொல்லும்போது, "பின்ன? யார் பொண்ணு!" என்று மீசையைத் தடவிக்கொள்வார். பொய் என்றே தோன்றவில்லை. சொல்லிச் சொல்லி அது அவருக்கு நிஜமாகவே ஆகிவிட்டது.

டீச்சர்தான் அவ்வப்போது நினைவூட்டுவாள். சொல்லிவிடலாம், சின்ன வயதிலேயே சொல்லிவிட்டால் கதை போலக் கேட்டுக்கொள்வாள் என்பாள். "பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார் இடி. போனாள். "கொஞ்சம் விவரம் வரட்டும்" என்றார். வந்தது. "பரீட்சை முடியட்டும்" என்றார். பரீட்சைகள் முடிந்துகொண்டேதான் இருந்தன.

பிறகு தூறல் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அந்த வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் அவள் அம்மாவேதான்.

ஒரு காலையில் டீச்சர் கண்ணாடி முன் நின்று பின்னல் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வாரம் மரபணு பாடம் ஆரம்பிக்கிறேன்."

இடியின் டீ தம்ளர் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. "அதை விட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயேன்."

"அடுத்த பாடம் பரிணாமம். இது தெரியாம அது எப்படிப் புரியும்?"

"அதுக்கும் அடுத்தது?"

"சுற்றுச்சூழல்."

"குப்பையைப் பத்தித்தானே? அதை நடத்து. யாருக்கும் ஒரு வம்பும் இல்ல."

டீச்சர் பின்னலை முடிந்தாள். "வம்புக்காகச் சொல்லலங்க. போன மாசம் அவளுக்குத் தலைசுத்தல்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே, குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கான்னு அவர் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சுன்னு சொன்னேன்."

"உங்க அப்பாவோட சர்க்கரை அவளுக்கு எப்படிங்க வரும்?"

இடி தம்ளரை மேசையில் வைத்தார். டாக்டர் கேட்டபோது அவருக்கு அது தோன்றவே இல்லை. தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, தாத்தாவின் நாற்காலி எல்லாம் அவளுக்குத்தானே; சர்க்கரையையும் கூசாமல் அவள் பேருக்கே எழுதிவைத்துவிட்டு வந்துவிட்டார்.

"பாவம், அந்த டாக்டர் இல்லாத நோயைத் தேடிக்கிட்டிருப்பார். இருக்கறது என்னன்னு நமக்கும் தெரியாது" என்றாள் டீச்சர். அவள் குரல் இறங்கியிருந்தது. "அவ உடம்பைப் பத்தி அவளுக்குத் தெரியணும்ல. அதுக்காகவாவது சொல்லணும்."

"சொன்னா அவ என்னை எப்படிப் பார்ப்பாளோ."

"எப்படிப் பார்ப்பா? கண்ணாலதான்."

"கேலி பண்ணாத. இப்ப பார்க்கற மாதிரி பார்க்கணும். அது போச்சுன்னா எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

துணி அளவெடுக்க வந்திருந்த அக்கா, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே, "கட்டின மூட்டையை ஏன்டா அவுக்கறீங்க?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் ரகசியக் குரல். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

பாடம் ஆரம்பித்தது. டீச்சர் ஒரு காசைச் சுண்டிக் காட்டித்தான் தொடங்கினாள். ஒவ்வொரு பண்புக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக மரபணுக்கள் வருகின்றன. சில பண்புகள் ஓங்கிப் பேசுபவை. ஜோடியில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். ஓங்கு பண்பு என்று பெயர். அப்பாவிடம் அப்படி ஒன்று ஒற்றையாக இருந்தால், பிள்ளைக்கு அது வருவதற்குப் பாதி வாய்ப்பு, வராமல் போவதற்கும் பாதி.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா ஒரு தடவை சுண்டணும். அக்காவுக்குத் தலை விழுந்துச்சு, அதனால தங்கச்சிக்குப் பூ விழும்னு கிடையாது. காசுக்கு ஞாபக சக்தி இல்ல."

மரபணுக்கள் புத்தகத்துக்குள் மட்டும் இருப்பவை என்று நினைக்காதீர்கள் என்றாள். ஒருத்திக்குப் பால் குடித்தால் வயிறு ஏன் புரட்டுகிறது, ஒருத்தன் சிவப்புச் சட்டையைப் பச்சை என்று ஏன் சாதிக்கிறான், ஒரே மாத்திரை ஒருவருக்குத் தூக்கத்தையும் இன்னொருவருக்குப் படபடப்பையும் ஏன் தருகிறது என்று கேட்டாள். பிறகு ஆளுக்கொரு பண்பை எடுத்துக்கொண்டு, அது குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது என்று விசாரித்து வரச் சொன்னாள்.

முதலில் எழுந்த கை தூறலுடையது.

"டீச்சர், நான் வெயில் தும்மலை எடுத்துக்கறேன். எங்க அப்பா தியேட்டர்ல தினமும் கூட்டமே வருது."

வகுப்பு சிரித்தது. டீச்சர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காரணம் கேட்டால் என்ன சொல்வது? "அது எந்த மரபணுன்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல. குடும்பத்துல வருதுன்னு மட்டும் தெரியும். பார்த்துப் பண்ணு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மதியக் காட்சி முடியும் நேரத்தில் தூறல் மேற்குக் கதவருகே வந்து நின்றாள். கையில் இரண்டு காலி பாப்கார்ன் டப்பாக்கள். வெளியே வருகிறவர்களிடம் கையிலிருக்கும் பாதி டிக்கெட்டை வாங்கி, தும்மியவருடையதை ஒரு டப்பாவிலும் தும்மாதவருடையதை இன்னொன்றிலும் போடுவது அவள் திட்டம். தும்மியவரை நிறுத்தி அம்மாவா அப்பாவா என்று கேட்கவேண்டும்.

"கட்சிக்கு ஆள் சேர்க்கறீங்களா?" என்றார் ஆபரேட்டர், மேலே தன் அறைச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து. "தலைவரே, உங்க பொண்ணு உங்களையே தூக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்துடுவா போல!"

"உட்காரட்டுமே! வாரிசு அரசியல்தான்!" என்று கத்தினார் இடி. கத்தினாரே தவிர, தாழ்ப்பாளை நீக்க அவசரப்படவில்லை.

கதவைத் தள்ளினார். வெயில் கொட்டியது. இடி தும்மினார், தாழ்ப்பாள் கிணுகிணுத்தது, கிழட்டுப் புறா எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் வந்தது. தூறல் பறந்தாள். "அண்ணா டிக்கெட்! அக்கா, நீங்க தும்மினீங்கதானே? உங்க வீட்டுல யாரு?" இந்த டப்பா, அந்த டப்பா, இந்தக் கை, அந்தக் கை. ஒரு பெரியவர் தும்ம, அவர் தோளிலிருந்த பேத்தி தும்ம, நடுவில் நின்ற அந்தக் குழந்தையின் அம்மாவும் தும்ம, தூறல் சந்தோஷத்தில் துள்ளினாள். "மூணு தலைமுறை! அப்பா, மூணு தலைமுறை!"

இடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முழு வெயிலில் நின்றிருந்தாள். சூரியன் நேராக அவள் முகத்தில் இருந்தது. மூக்கு நிமிரவில்லை, பேச்சு நிற்கவில்லை. வேலை மும்முரத்தில் அவள் தும்ம மறந்துவிட்டாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள். கையில் பாதி டிக்கெட்டோடு அப்படியே நின்றாள். முகம் சிவந்தது. பிறகு, ரொம்பத் தாமதமாக, ரொம்ப மெதுவாக, "த்சூ" என்றாள்.

இடி சிரிக்க முயன்றார். பாதிதான் வந்தது.

கூட்டம் கரைந்ததும் இருவரும் காலி அரங்குக்குள் போய், ஸ்பிரிங் போன கடைசி வரிசை இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அதில் யாரும் உட்கார மாட்டார்கள்; இடிக்கு மட்டும் அதுதான் சிம்மாசனம். முன்னால் வெள்ளைத் திரை. டப்பா இரண்டும் தூறலின் மடியில்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"எப்ப திட்டியிருக்கேன்?"

"எனக்குத் தும்மல் வராது. எப்பவுமே வந்ததில்ல. சும்மா பண்ணுவேன்."

"தெரியும்."

அவள் திரும்பினாள். "தெரியுமா? எப்போலேருந்து?"

"உனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடிலேருந்து. நீ கண்ணைத் திறந்துக்கிட்டே தும்முவ."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்ட?"

"நீ ஏன் பண்ண?"

தூறல் டப்பாவைக் குலுக்கினாள். பாதி டிக்கெட்டுகள் சலசலத்தன. "நான் பண்ணா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அது பிடிக்கும்." பிறகு அவசர அவசரமாக, அவருக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள். "வருத்தப்படாத அப்பா. கிளாஸ்ல சொன்னாங்க. அம்மாவுக்கு இல்ல, உனக்கு இருக்கு. எனக்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. சுண்டினதுல எனக்குப் பூ விழுந்துடுச்சு, அவ்வளவுதான். தும்மல் வராட்டி உன் பொண்ணு இல்லன்னு ஆயிடுமா?"



எந்தப் பாடத்தைக் கண்டு பயந்து குப்பையை நடத்து என்று கெஞ்சினாரோ, அந்தப் பாடமே வந்து அவருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. பாதிக்குப் பாதி. ஆமாம்மா, பூ விழுந்துடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தும்மலை வைத்து இனி யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் இப்போது பார்க்கும் இதே பார்வை அவருடையதாகவே இருக்கும்.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்னப் பெண், தன்னிடம் இருந்த ஒரே பொய்யை இப்போதுதான் எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டாள். அவருடையது மட்டும் பைக்குள் கனத்தது.

"தூறல்," என்றார். டார்ச்சை எடுத்து, அணைத்து, ஏற்றி, அணைத்தார். "உனக்காக யாரும் காசைச் சுண்டலம்மா."

சொல்லிவிட்டார். இல்லம், மஞ்சள் துவாலை, படியிறங்கிய வெயில், பல்லில்லாத சிரிப்பு. சொல்லத் தெரியாமல் முன்பின்னாகச் சொன்னார். 

அவள் டப்பாவிலிருந்து ஒரு பாதி டிக்கெட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ எனக்குத் தலையும் விழல, பூவும் விழல" என்றாள்.

"உனக்குச் சுண்டிப் பார்க்கல. நேரா கையால எடுத்து மடியில வெச்சுக்கிட்டோம்."

"அம்மா?"

"அவ எப்பவோ சொல்லணும்னா. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தேன்."

"அத்தைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ஆபரேட்டர் மாமாவுக்கு?"

"அவனுக்குத் தெரியாது."

"அவராவது எனக்குத் துணைக்கு இருந்தாரே." அவள் எழுந்தாள். டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுவிடாமல் கவனமாகத் தனித்தனியே எடுத்துக்கொண்டாள். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்க வேலையை முடிச்சுட்டு வாங்க."

நீங்க. வாங்க.

பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அவள் "நீ" என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஊர்க்காரர்கள் மரியாதை கற்றுக்கொடு என்றபோதெல்லாம், மரியாதை கேட்டு நான் என்ன மந்திரியா என்று சிரித்தவர். அந்த ஒரு "ங்க" வந்து கன்னத்தில் அறைந்தது.

வீட்டிலும் அதேதான். "டீ ஆறிடும், குடிங்க." "செருப்பு மழையில நனையுது, உள்ள எடுத்து வைங்க." கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை, தட்டைத் தள்ளவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள், அதற்குமேல் என்ன தண்டனை இருக்கிறது? அம்மாவிடம் இன்னும் மோசம். "டீச்சர், தண்ணி வேணுமா?" என்று வீட்டுக்குள்ளேயே கேட்டாள். டீச்சர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள். அக்கா வந்தாள், "சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள், கொண்டுவந்த குண்டூசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டு அழுதாள், போனாள்.

இடி ஒரு காரியம் செய்தார். நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார். முகத்தைவிடப் பெரியது. அதைப் போட்டுக்கொண்டு, குடைபோலத் தலைக்குத் தொப்பியும் வைத்துக்கொண்டு மேற்குக் கதவைத் திறந்தார். வெயில் வந்தது. தும்மல் வரவில்லை.

"என்ன தலைவரே, ஹீரோ வேஷமா?" என்றார் ஆபரேட்டர்.

"கண்ணு வலி."

"இடி இல்லாம கதவு திறந்தா படம் முடிஞ்ச மாதிரியே இல்லையே!" என்று வழக்கமாக வருகிறவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். இடி தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தும்மினால், இதோ பார் என் ரத்தம் என்று தம்பட்டம் அடிப்பது போல அவள் காதில் விழுமோ என்று அவருக்குப் பயம். அவள் பள்ளியில் இருந்தாள், தியேட்டரிலிருந்து ஏழெட்டுத் தெரு தள்ளி. இருந்தாலும் பயம்.

வகுப்பில் தூறலின் முறை வந்தது. மேசைமேல் இரண்டு டப்பாக்களையும் வைத்துவிட்டுப் பேசினாள். சுமாராக நாலு பேருக்கு ஒருவர் தும்மினார்கள் என்றாள். தும்மியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ தும்முகிறார்கள் என்றாள். சுரங்கப் பாதையிலிருந்து வெளியே வரும் பஸ் டிரைவருக்கு இது ஆபத்து, அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். நன்றாகத் தயாரித்திருந்தாள்.

"உனக்கு வருமாடி?" என்று முன் வரிசையிலிருந்து அவள் தோழி கேட்டாள்.

தூறல் ஒரு நிமிஷம் டப்பாக்களைப் பார்த்தாள்.

"எங்க வீட்டை இந்தக் கணக்குல சேர்க்க முடியாது. அங்க காசைச் சுண்டல. கையால எடுத்தாங்க."

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதினாள். அது என்ன எழுத்து என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று பள்ளி விட்டு நடக்கும்போது தூறல், "அம்மா, குடையை இப்படிச் சாய்ச்சுப் பிடி, வெயில் என் மேலயே அடிக்குது" என்றாள். டீச்சர் குடை முழுவதையும் அவள் பக்கமே சாய்த்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் தூறல் கேட்டாள். "எனக்குள்ள என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"அப்போ தாத்தாவோட சர்க்கரை?"

"அதைத் திருப்பிக் கொடுத்துடலாம். டாக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுவோம்."

"அது ஒண்ணாவது மிச்சம்" என்றாள் தூறல். சிரிப்பு வந்துவிட்டது, வந்ததை அவள் மறைக்கவில்லை. தெரு முனையில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தியேட்டர் பக்கம் திரும்பினாள். டீச்சர் கூடவே நடந்தாள்.

மதியக் காட்சி முடியும் நேரம். மேற்குக் கதவுக்கு வெளியே, சுவரோரம் இருவரும் நின்றார்கள். கதவு திறந்தது. தொப்பியும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக இடி வந்து நின்றார், பூனைக்குப் பயந்த திருடன் மாதிரி. சத்தமே இல்லை. கூரையில் புறா தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

தூறல் நேராக அவரிடம் போனாள்.

"என்னப்பா இது கோலம்? நீ என்ன சுரங்கத்துல பஸ்ஸா ஓட்டற?"

நீ. ஓட்டற. இடிக்குக் காது அடைத்துப்போனது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் எட்டி, தொப்பியை ஒரு கையாலும் கண்ணாடியை மறு கையாலும் எடுத்துவிட்டாள். மேற்கு வெயில் மொத்தமாக அவர் முகத்தில் விழுந்தது. கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. இத்தனை நாள் சேர்த்துவைத்த தும்மல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் தாழ்ப்பாள் கழன்று கீழே விழுந்தது. படிக்கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆபரேட்டர் சன்னலிலிருந்து, "கண்ணு வலி சரியாயிடுச்சு!" என்று அறிவித்தார்.

அப்புறம்தான் அது நடந்தது. தூறலின் மூக்கு நிமிர்ந்தது. பேச்சு பாதியில் நின்றது. இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. ஊரே அதிரும்படி ஒரு நிஜத் தும்மல்! மரபணு எதுவும் இல்லாமல் வந்த தும்மல். விஞ்ஞானம் வேண்டுமானால் வந்து விளக்கம் கேட்டுக்கொள்ளட்டும். புறாக்கள் அத்தனையும் பெட்டி படுக்கையோடு அடுத்த ஊருக்கே போய்விட்டன.

"அம்மா," என்கிறாள், இடுப்பில் தன் குழந்தையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதியதை இதுவரை படித்துக்கொண்டிருந்தவள். "புறாவை உன் இஷ்டத்துக்கு எங்க வேணா அனுப்பிக்க. ஆனா கண்ணை மாத்து. நான் கண்ணை மூடவே இல்ல. அப்பா மூஞ்சியைப் பார்க்கத்தானே தும்மினேன்?"